டைட்டஸ் ஆன்ட்ரோனிகஸ்: மேடை ஒதுக்கியதும் கேலிச்சித்திரம் எடுத்துக்கொண்டதும்

ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றை அவர் காலத்தவர் ஒருவர் வரைந்த ஓவியமென்று நமக்குக் கிடைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான். அது ஹாம்லெட் அல்ல, மேக்பெத்தும் அல்ல. அவர் எழுதியவற்றில் பலருக்கும் பிடிக்காத டைட்டஸ் ஆன்ட்ரோனிகஸ். இங்கிலாந்தின் லாங்லீட் மாளிகையில் இருக்கும் அந்தத் தாளில் ஹென்றி பீச்சம் என்ற பெயர் காணப்படுகிறது. கோத்தியர் அரசி டமோரா மண்டியிட்டுக் கெஞ்சுகிறாள். ரோமத் தளபதி டைட்டஸ் ரோமானிய உடையில் நிற்க, அவனுடைய காவலர்களோ எலிசபெத் காலத்து ஆங்கிலேய வீரர்களாக இருக்கிறார்கள். மறுகோடியில் கையில் வாளோடு டமோராவின் காதலன் ஆரன். உடம்பு முழுதும் கருமை. நாடகத்தில் இந்தக் காட்சி இப்படியே எங்கும் வருவதில்லை. வரைந்தவர் பல தருணங்களை ஒரே வரிசையில் நிறுத்திவிட்டார். கேலிச்சித்திரக்காரரின் புத்தி என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது.

1594-இல் அரங்கேறி, அதே ஆண்டில் அச்சும் கண்ட நாடகம் இது. அடுத்த நூற்றாண்டிலேயே வசவு தொடங்கியது. 1687-இல் அதைத் திருத்தி வெளியிட்ட எட்வர்ட் ரேவன்ஸ்கிராஃப்ட், மூலத்தைக் குப்பையாகவே மதித்தார். சாமுவேல் ஜான்சனோ இது ஷேக்ஸ்பியர் எழுதியதாக இருக்க முடியாது என்றார். டி. எஸ். எலியட் 1927-இல் இதை உலகின் மிக அசட்டுத்தனமான நாடகங்களில் ஒன்றாக வைத்தார். முதல் அங்கத்தை எழுதியவர் அக்கால நாடகாசிரியர் ஜார்ஜ் பீல் என்று இன்றைய ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

வெறுப்புக்குக் காரணம் வெறும் ரத்தம் அல்ல. லியர் அரசனிலும் கண்ணைப் பிடுங்குகிறார்கள். இங்கே சிக்கல் சிரிப்புதான். மூன்றாம் அங்கத்தில், மகன்களை மீட்பதற்காக டைட்டஸ் தன் கையை வெட்டிக் கொடுக்கிறான். பதிலுக்கு அவர்களுடைய தலைகளும், கொடுத்த கையும் திரும்பி வருகின்றன. அவன் அழவில்லை, சிரிக்கிறான். பிறகு அந்தக் கையை, நாவும் கைகளும் இழந்த மகள் லவீனியா பல்லால் கவ்விக்கொண்டு போகிறாள். உண்மையான மனித உடலை வைத்து இதை நடித்தால் அரங்கம் தவறான இடத்தில் சிரித்துவிடும். கோட்டால் வரைந்த உடலுக்கு அந்தக் கவலையே கிடையாது.

புகழ்பெற்ற நாடகங்கள் கேலிச்சித்திரத்துக்குள் வந்த வழி வேறு. 1791-இல் ஜேம்ஸ் கில்ரே, பிரிட்டிஷ் பிரதமர் பிட்டையும் அவருடைய இரண்டு சகாக்களையும் மேக்பெத்தின் மூன்று சூனியக்காரிகளாக வரைந்து, அவர்கள் பார்க்கும் நிலவில் அரசர், அரசியின் முகங்களைப் பதித்தார். வாங்கிப் பார்த்தவர்கள் சூனியக்காரிகளை உடனே அடையாளம் கண்டதால்தான் கேலி எடுபட்டது. ஹாம்லெட்டின் சாயலைச் சுமந்த 1994-ஆம் ஆண்டின் லயன் கிங் இயங்குபடம் வரை அந்த மரபு நீள்கிறது. டைட்டஸுக்கு அப்படிப் பொது அறிமுகம் இல்லை. ஆகவே அது பெயரைச் சொல்லிக்கொண்டு நுழையவில்லை; உடலைக் கூறுபோட்டுச் சிரிக்க வைக்கும் முறையாகவே தொடர்ந்தது.

மேடையும் கடைசியில் படத்தின் வழிக்கே வந்தது. 1955-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் பீட்டர் புரூக் இயக்கியபோது, லவீனியாவாக நடித்த விவியன் லீயின் வாயிலும் மணிக்கட்டுகளிலும் ரத்தத்துக்குப் பதில் சிவப்பு நாடாக்கள் தொங்கின. டைட்டஸாக லாரன்ஸ் ஒலிவியர். அந்த நாடாவைக் கேலிச்சித்திரத்தின் ஒரு கோடாகவே நான் பார்க்கிறேன்.

ரஷ்யக் கலைஞர்களைக் கொண்டு உருவாக்கப்பட்டு, 1992-லும் 1994-லும் பிரிட்டனில் ஒளிபரப்பான இயங்குபட வரிசைக்குப் பன்னிரண்டு ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தேர்ந்தார்கள். அதில் டைட்டஸ் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் பார்க்கும் வரிசை அது. ஆனால் 2001-இல் சவுத் பார்க் என்ற அமெரிக்க இயங்குபடத் தொடரில் கார்ட்மேன் என்ற சிறுவன், தன்னை ஏமாற்றியவனுக்கு அவனுடைய பெற்றோரையே சமைத்துப் பரிமாறினான். டமோராவுக்கு அவளுடைய மகன்களைப் பணியாரத்தில் வைத்து டைட்டஸ் ஊட்டிய அதே விருந்து. இங்கே உறவு மட்டும் தலைகீழ். அந்தத் தொடரின் பாத்திரங்கள் காகிதத்தில் வெட்டி ஒட்டியவை போலத் தட்டையாக, பெரும்பாலும் பார்வையாளரை நோக்கி வரிசைகட்டி நிற்பார்கள். லாங்லீட் தாளிலும் ஏழு பேர் ஒரே வரிசையில்தான் இருக்கிறார்கள்.