முன்பாரம், பின்பாரம்

போன மாதம் ஒரு நண்பர் வீட்டுக்கு வந்தார். சொந்த ஊர் மானாமதுரைப் பக்கம், பிழைப்பு மதுரையில்.

'அண்ணே, பழைய குட்டியானை ஒண்ணு விலைக்கு வருது. பின்னாடி தகரத்துல ஒரு ரூம் மாதிரி அடிச்சு ஏத்திட்டா, ஆடித் திருவிழாவுக்குக் குடும்பத்தோட அழகர்கோவில் போய் ரெண்டு நாள் தங்கிட்டு வரலாம். எங்க தாத்தா அப்படித்தான் வண்டி கட்டிப் போனாரு. நீங்க பி.காம். படிச்சவரு, கணக்குப் பார்த்துச் சொல்லுங்க' என்றார்.

கணக்கு அப்புறம். முதலில் தாத்தாவின் வண்டியைப் பார்த்துவிடலாம். ஏனென்றால், நண்பர் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைக்கிற சமாசாரம், மதுரைச் சீமையில் பல தலைமுறைகள் பார்த்தாகிவிட்டது!

மதுரைக்கு வடக்கே இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிறது அழகர்கோவில். ஒரு காலத்தில் சித்திரையில் அழகர் மலையைவிட்டு இறங்கிப் போனது மதுரைக்கு அல்ல, சோழவந்தான் பக்கம் வைகைக் கரையில் இருக்கும் தேனூருக்கு. மீனாட்சி கல்யாணமோ மாசி மாதத்தில் நடந்தது. இரண்டையும் சித்திரையில், மதுரையில் ஒன்றாகச் சேர்த்தவர் திருமலை நாயக்கர் (1623 - 1659). ஏன் சேர்த்தார்? அவர் செய்த பெரிய தேரை இழுக்க மாசியில் ஆள் கிடைக்கவில்லை, அறுவடை முடிந்து விவசாயிகள் சும்மா இருக்கும் சித்திரைக்கு மாற்றினார் என்று மதுரையில் வழிவழியாகச் சொல்வார்கள். இன்றைக்கும் பாருங்கள், சித்திரையில் ஓடுகிற தேர் 'மாசி' வீதிகளில்தான் ஓடுகிறது!

கூட்டம் சேர்ந்தது. ஆனால் எப்படி வந்து சேர்ந்தது? நடந்து வந்தவர்கள் போக மற்றவர்கள் மாட்டு வண்டியில்தான். மாட்டு வண்டி மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் போகும். வெயிலுக்கு ஒதுங்கி, தண்ணீர் காட்டி, வைக்கோல் போட்டு, ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம். மானாமதுரைப் பக்கத்திலிருந்து அழகர்கோவிலுக்கு மூன்று நாள் என்று வையுங்கள். திரும்பி வர இன்னொரு மூன்று நாள். நடுவில் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்குக் கிடா வெட்டு, பொங்கல், மலை மேல் நூபுர கங்கைக் குளியல். ஆக, ஒரு வாரத்துக்கு அந்த வண்டிதான் வீடு.

இதற்கென்று தனி வண்டி யாரும் வைத்திருக்கவில்லை. நேற்றுவரை எருவும் நெல் மூட்டையும் ஏற்றிய அதே வண்டிதான். திருவிழா வந்தால் மேலே மூங்கில் வளைத்துப் பாய் போட்ட கூண்டைக் கட்டுவார்கள். அடியில் வைக்கோல், மேலே சாக்கு, அதன்மேல் ஜமுக்காளம். வண்டிக்குக் கீழே அரிக்கேன் விளக்கு தொங்கும். ஊர் திரும்பியதும் கூண்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, வண்டி பழையபடி எரு அடிக்கப் போய்விடும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இரட்டைச் சக்கர வண்டியில் எடை எங்கே உட்காருகிறது என்பது உயிர் போகிற விஷயம். முன்னால் அதிகமானால் 'முன்பாரம்', நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்னால் அதிகமானால் 'பின்பாரம்', மாட்டைத் தூக்கிக்கொண்டு வண்டி குடை சாயும். அதனால் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் எடை நிற்கிற மாதிரி ஆளையும் மூட்டையையும் மாற்றி மாற்றி உட்கார வைப்பார்கள். பள்ளிக்கூடம் போகாத வண்டிக்காரருக்கு இது தெரியும்.

சரி, மாடு? வண்டி ஆசாரி செய்து கொடுப்பார். மாடு சந்தையில்தான் வாங்க வேண்டும். மதுரையில் 1999-ல் திறந்த பெரிய பஸ் நிலையத்துக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் என்ன? மாட்டுத்தாவணி. தாவணி என்றால் மாட்டுச் சந்தை. சித்திரைத் திருவிழாவையொட்டி மதுரையில் கூடிய மாட்டுச் சந்தை அவ்வளவு பிரசித்தம். சாமி கும்பிட்ட கையோடு மாடும் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பலாம்.

அங்கே நடந்ததும் 'செகண்ட் ஹேண்ட்' வியாபாரம்தான். தரகரும் வாங்குகிறவரும் துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். அதற்கு முன் மாட்டின் வாயைத் திறந்து பல் பார்ப்பார்கள். மாட்டுக்கு முன்பல் கீழ்வரிசையில் மட்டும்தான், மொத்தம் எட்டு. இரண்டு வயதுவாக்கில் பால்பல் விழுந்து, ஜோடி ஜோடியாக நிலைப்பல் முளைக்கும். எட்டும் சேர ஐந்து வயதுவாக்கில் ஆகிவிடும். ஆக, பல்தான் மாட்டின் ஆர்.சி. புக். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்தால் பார்த்தே ஆக வேண்டும்!

அடுத்து கழுத்தைத் தடவுவார்கள். நுகத்தடிப் புண் ஆறிய தழும்பு இருந்தால், பழைய முதலாளி அளவுக்கு மேல் பாரம் ஏற்றியிருக்கிறார். பிறகு குளம்பு, நடை, கடைசியாக வண்டியில் பூட்டி ஆளை ஏற்றி ஒரு ஓட்டம். கொம்பழகும் நிறமும் எல்லாவற்றுக்கும் அப்புறம்தான்.

இதே வேலையைக் கடல் தாண்டி ஒருவர் செய்தார். அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக். 1960-ல், 58 வயதில், சொந்த நாட்டைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். ஜி.எம்.சி. கம்பெனியின் முக்கால் டன் ரகப் பிக்கப் வண்டி. அதன் முதுகில் கட்டில், அடுப்பு எல்லாம் உள்ள, படகு அறை மாதிரி ஒரு கூண்டு. கூடவே சார்லி என்ற நாய். டான் குவிக்ஸாட்டின் குதிரைப் பெயரை வண்டிக்கு வைத்தார்: ரோஸினாண்டே. 1962-ல் அந்தப் பயணம் புத்தகமாக வந்தது, அதே வருடம் நோபல் பரிசும் வந்தது. (பல இரவுகள் அவர் கூண்டில் படுக்காமல் ஹோட்டலில் தங்கினார் என்று பிற்பாடு ஒரு பத்திரிகையாளர் தோண்டி எடுத்தார். அது வேறு கதை.)

நமக்கு வேண்டிய சேதி ஒன்றுதான். வண்டி புதுசு. ஆனால் தேவைக்கு மேல் சாமான் ஏற்றியதாக அவரே ஒப்புக்கொள்கிறார். விளைவு, ஓரிகான் மாநிலத்தில் கொட்டும் மழையில் பின் டயர் வெடித்து நின்றார். நோபல் மூளைக்கும் பாரக் கணக்கு தப்பும்!

இப்போது நண்பருக்கு வருவோம். 2005-ல் வந்த டாடா ஏஸுக்குத்தான் நம் ஜனங்கள் குட்டியானை என்று பெயர் வைத்தார்கள். அதுவும் முக்கால் டன் ரகம், அதாவது 750 கிலோ. பேப்பரை எடுத்தேன். தகர ரூம், இரும்புச் சட்டத்தோடு குறைந்தது 300 கிலோ. ஒரு டிரம் தண்ணீர் 200. அடுப்பு, அரிசி, பாத்திரம், படுக்கை 100. வீட்டில் ஆறு பேர், ஆளுக்கு 60 என்றால் 360. கூட்டினால் 960! கிடாயைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

'இன்னும் ரெண்டு பட்டை சேர்த்து அடிச்சா தாங்கும்னு மெக்கானிக் சொல்றாரே?' என்றார்.

பட்டை தாங்கும். பிரேக்? டயர்? அச்சு? இன்னொன்று, சரக்கு வண்டியில் குடும்பத்தை ஏற்றுவது சட்டப்படி குற்றம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கென்றே 52-வது பிரிவு இருக்கிறது, இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான். திருவிழாவுக்குச் சரக்கு வண்டியில் போனவர்கள் கவிழ்ந்த செய்தியைப் பத்திரிகை ஆபீஸில் எத்தனை முறை எழுதியிருக்கிறோம் என்பது எனக்குத்தான் தெரியும்.

'சரி, வெறும் சாமானுக்கு வாங்கினா?' என்றார். தாராளமாக. ஆனால் தாத்தா மாடு பிடித்த மாதிரி பிடியுங்கள். பல்லுக்குப் பதில் ஆர்.சி. புக்கில் வருடம், சேஸிஸ் நம்பர். காலியான எடை எவ்வளவு, மொத்த எடை எவ்வளவு என்று அதிலேயே இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றலாம். கழுத்துத் தழும்புக்குப் பதில் பின்பட்டை. கூடுதலாகப் பட்டை செருகியிருந்தால் பழைய முதலாளி அளவு மீறி ஏற்றியவர். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் குடிக்கிறது. கடைசியில் பாரம் ஏற்றி ஒரு மேம்பாலம் ஏறி இறங்குங்கள். பெயிண்ட் பளபளப்பெல்லாம் கொம்பழகு மாதிரி, கடைசிதான்.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 'தாத்தா காலத்துல பாரம் கூடுனா என்னண்ணே பண்ணுவாங்க?' என்று கேட்டார்.

அதுதான் வித்தியாசம். அளவுக்கு மேல் ஏற்றினால் மாடு நின்றுவிடும். அடித்தாலும் நகராது, நடுரோட்டில் படுத்துவிடும். எல்லோரும் இறங்கி நடப்பார்கள், உயிர் பிழைக்கும். எஞ்சினுக்கு அந்தப் புத்தி கிடையாது. ஏற்ற ஏற்ற இழுக்கும், இறக்கத்தில் பிரேக் பிடிக்காத வரைக்கும். மாடு செய்த வேலையை இப்போது நாம்தான் செய்ய வேண்டும்.

தகர ரூமை நண்பர் கைவிட்டார். ஆடிக்குச் சாமான் குட்டியானையில், ஆட்கள் மாட்டுத்தாவணியில் பஸ் பிடித்து. ராத்திரி தங்கலுக்கு வண்டிப் பக்கத்தில் ஒரு தார்ப்பாய்.

'தாத்தா கூண்டு இன்னும் பரண்ல கெடக்குண்ணே' என்றார் போகும்போது. 'மூங்கில்தான், வெயிட்டே இருக்காது.'