மழை விட்டதும் நடக்கத் தொடங்கிய மெட்டு

காவடிச்சிந்து எல்லோருக்கும் பழக்கம்தான். தைப்பூசத்தன்று கோயில் ஒலிபெருக்கியில் கேட்டிருப்போம். கச்சேரி முடியும் நேரத்தில் துக்கடாவாகவும் கேட்டிருப்போம். மூன்று மாத்திரையில் துள்ளும் அந்த நடை காதில் விழுந்ததும் கால் தானாகத் தாளம் போடும். காலுக்கும் அதற்கும் பழைய உறவு உண்டு. அந்த உறவில் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணுக்கும் பங்கு உண்டு.

ஐப்பசி, கார்த்திகையில் பருவமழை இறங்கினால் கரிசல் குழைந்து காலைப் பிடித்துக்கொள்ளும். வண்டி நகராது, செருப்பு மிஞ்சாது. ஊருக்கு ஊர் நடக்க நினைப்பவர்கள் பேசாமல் இருந்துகொள்ள வேண்டியதுதான். மழை நின்று, மார்கழிப் பனியும் கழிந்து, தையில் மண் இறுகும்போதுதான் வழி திறக்கும். உளுந்தும் பாசியும் சோளமும் ஒவ்வொன்றாக வீடு வந்து சேர்வதும் அந்த மாதங்களில்தான். கையில் கொஞ்சம் தானியம், காலுக்குக் கெட்டியான தரை, மனதில் பழைய நேர்த்திக்கடன். தைப்பூசமும் பங்குனி உத்திரமும் இந்த இடைவெளியில் வந்து விழுகின்றன. அப்போது கோயிலுக்கு நடந்தவர்கள் பாடிய வழிநடைச் சிந்துகள், பெயரே சொல்வதுபோல, நடப்பவர்களின் அலுப்பைத் தீர்க்கப் பிறந்தவை.

ஆண்டின் மற்ற மாதங்களுக்கும் தனித்தனிப் பாட்டுகள் இருந்தன. மழை பொய்த்தால் வீடு வீடாகச் சோறு வாங்கி மழைச்சோற்றுப் பாட்டு, களையெடுக்கும்போது ஒன்று, கமலை இறைக்கும்போது ஒன்று, முளைப்பாரி எடுக்கும்போது கும்மி. இவற்றை ஏட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் பள்ளு பாடிய புலவர்கள் முக்கியமானவர்கள். சுமார் முந்நூறு ஆண்டுகளுக்கு முன், தாமிரபரணி சிற்றாற்றோடு கலக்கும் சீவலப்பேரிப் பக்கத்தை வைத்து எழுந்த முக்கூடற்பள்ளில் மழைக்குறி, வெள்ளம், விதைப்பு, நடவு என்று ஓர் உழவு ஆண்டே சிந்து நடையில் ஓடுகிறது.

மழைக்காகப் பாடுவது ஏழைகளின் வழக்கம் மட்டுமல்ல. எட்டயபுரத்துக்கு வரும் வழியில் காய்ந்து கிடந்த வயல்களைப் பார்த்து முத்துசுவாமி தீட்சிதர் அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாட, மழை கொட்டியது என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியானாலும், தீட்சிதர் 1835இல் கண்மூடியது எட்டயபுரத்தில்தான். மழைச்சோற்றுப் பாட்டும் ராகக் கணக்கும் இந்தக் கரிசலில் ஒரே வேண்டுதலுக்கு வந்து நின்றன.

அதே காலத்தில் காவடி கப்பல் ஏறத் தொடங்கியது. 1834 முதல் மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். கூலிகளோடு சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கூலிக்காரர்களுக்கு மூட்டைகட்ட அதிகம் இல்லை. மெட்டுக்கோ எடை இல்லை. ஒரு வேடிக்கை என்னவென்றால், பூமத்திய ரேகைக்குத் தெற்கே தை மாதம் நடுக்கோடை. பனி முடிந்த மாதத்தின் பாட்டு வேர்வை ஒழுகும் மாதத்தின் பாட்டானது. மாதப் பெயரை விடாமல் பிடித்துக்கொண்டார்கள், பருவம் நழுவிவிட்டது.

அந்த 1860களில்தான் சங்கரன்கோவில் வட்டாரத்துச் சென்னிகுளத்தில் அண்ணாமலை ரெட்டியார் பிறந்தார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்தபோது, வழியில் பாடுவதற்கென்று ரெட்டியார் கட்டியவையே இன்று நாம் கொண்டாடும் காவடிச்சிந்து. நடப்பவர்களின் மெட்டை அவர் உருவாக்கவில்லை. ஊரில் கிடந்ததை எடுத்துக்கொண்டார். சந்தமும் இயைபும் சிலேடையும் அடுக்கி, படித்தவர்களும் திரும்பிப் பார்க்கும்படி செய்தார். 1891இல், இளமையிலேயே மறைந்தார்.

பிறகு நகல்கள் கிளம்பின. சென்னை குஜிலிக் கடைத் தெருவில் காலணா, அரையணாவுக்கு விற்ற மலிவு நூல்களில் சிந்து பெருகியது. வெள்ளம் வந்தால் ஒரு சிந்து, பஞ்சம் வந்தால் ஒரு சிந்து, கொலை நடந்தால் கொலைச்சிந்து. சந்தையிலும் ரயிலடியிலும் பாடியே விற்றார்கள். செய்தித்தாள் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த மெட்டே செய்தித்தாள்.

ரெட்டியார் மறைந்தபோது எட்டயபுரத்துச் சுப்பிரமணியனுக்கு வயது எட்டு. அந்தச் சிறுவன் பாரதியானபின் 'எங்கள் தாய்' பாட்டைக் காவடிச்சிந்தின் மெட்டிலேயே அமைத்தார். முருகனுக்குத் தூக்கிய காவடியின் தாளம் பாரத மாதாவுக்கு ஆனது. பாஞ்சாலி சபதத்திலும் சிந்தின் நடையே ஆட்சி செய்கிறது. ஊர் ஊராக நடந்த மெட்டு, நாட்டையே நடக்க வைக்கப் புறப்பட்டது.

கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் 1920களில் இரண்டு குழந்தைகள் பிறந்தன: பின்னாளில் எழுத்தாளர்களான கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி. இருவருக்கும் இசைப் பித்து. விளாத்திகுளம் சுவாமிகளின் பாட்டில் கிறங்கியவர்கள். அழகிரிசாமி ரெட்டியாரின் சிந்தைப் பதிப்பித்து, கவிஞரின் வரலாற்றையும் எழுதினார். 1950களில் அவர் வேலைக்குப் போன இடம் கோலாலம்பூர், தமிழ்நேசன் பத்திரிகை. பத்துமலைத் தைப்பூசம் அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வேரூன்றியிருந்தது. கரிசலின் மெட்டைத் தேடித் தொகுத்தவர், அது ஏற்கெனவே குடியேறிவிட்ட ஊரில்தான் போய் இறங்கினார்.

மெட்டுக்குத் தடையும் வந்தது. சிங்கப்பூரில் 1968இல் தைப்பூசத்தின் பொது விடுமுறை போயிற்று. 1973இல் ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்கத் தடை வந்தது. 2016இல்தான் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு இடம் கிடைத்தது. எல்லைக்கு அப்பால் மலேசியாவிலோ உறுமி மேளம் இளைஞர் குழுக்களின் கையில் புதுத் தெம்போடு ஓங்கி ஒலிக்கிறது. மொரீஷியஸில் தைப்பூசக் காவடி நாடு முழுதுக்கும் விடுமுறை நாள்.

இத்தனை தூரம் போன காவடிச்சிந்தின் கூடப் பிறந்தவை ஊரிலேயே மெலிந்துவிட்டன. பம்புசெட் வந்தது, கமலைப் பாட்டு நின்றது. களைக்கொல்லி வந்தது, களையெடுப்புப் பாட்டு தேய்ந்தது. அவை ஒரு வேலையை நம்பியிருந்தன; காவடிச்சிந்து காலை மட்டும் நம்பியிருந்தது, அதனால் பிழைத்தது. நா. வானமாமலை போன்றவர்கள் 1960களில் நாட்டுப்பாடல்களை அச்சில் தொகுத்திராவிட்டால் பல பாட்டுகள் பெயரே இல்லாமல் போயிருக்கும்.

கரிசல் ஊர்களில் இந்தப் பாட்டுகள் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊருக்குப் போனால் கைபேசியில் பதிவு செய்யுங்கள். எந்த மாதம், எந்த வேலைக்குப் பாடியது என்பதையும் கூடவே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் தெரியாத பாட்டு பாதிப் பாட்டுதான்.