பாலாவி ஓடுபாதையும் மூக்கு நிமிர்ந்த ஒஸ்டினும்

நம் பிள்ளைகளின் போன்களில் அமெரிக்கப் பழைய கார்களின் காணொளிகள் நிறையச் சுற்றுகின்றன. முன்பக்கம் மூக்கு நிமிர்ந்து நிற்கும். பின்னால் அகன்ற டயர். பொனட்டைத் துளைத்துக்கொண்டு எஞ்சின் வெளியே தெரியும். பச்சை விளக்கு எரிந்ததும் முன் சக்கரங்கள் நிலத்தை விட்டுக் கிளம்பும். அந்தக் கார்களில் சிலவற்றை உற்றுப் பாருங்கள். நமக்குப் பழகிய முகம்தான். ஒஸ்டின் ஏ40. 1950களில் இலங்கையில் டாக்டர் வீட்டு வாசலிலும் முதலாளி வீட்டுக் கொட்டகையிலும் வாடகைக் கார்களின் வரிசையிலும் நின்ற அதே கார்.

சாதுவான அந்தக் குடும்பக் கார் எப்படி ரேஸ் கார் ஆனது? வரலாறு படிப்பிக்கிற நமக்கு இந்தக் கேள்வியை விட்டுவிட மனமில்லை. பதிலைத் தேடிப் போனால் பாதை நம்முடைய பாலாவி வழியாகவும் போகிறது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது பிரித்தானியா கடனில் மூழ்கியிருந்தது. டொலர் சம்பாதிக்க வேண்டும் என்பதால், ஏற்றுமதி செய்கிற தொழிற்சாலைகளுக்கே இரும்புத் தகடு முன்னுரிமையாகக் கிடைத்தது. 1947இல் ஒஸ்டின் கம்பனி ஏ40 டெவொன் காரைக் கொண்டுவந்தது. 1200 சீசீ எஞ்சின், 40 குதிரைவலு. அமெரிக்காவுக்கும் போனது, இலங்கைக்கும் வந்தது. பத்துப் பதினைந்து வருடத்தில் அமெரிக்காவில் அது யாரும் சீண்டாத பழைய சாமானாகி, மிக மலிவாகக் கிடைத்தது. அங்கேதான் கராஜ் பையன்களின் கண் அதில் விழுந்தது. சின்ன உடம்பு, குறைந்த பாரம். பெரிய வீ8 எஞ்சினை உள்ளே இறக்கினால் பறக்கும் என்று கணக்குப் போட்டார்கள்.

இந்த வகைக் கார்களை அங்கே 'கெசர்' என்பார்கள். பெற்றோலை அமெரிக்கர்கள் 'கேஸ்' என்பார்கள் அல்லவா? சாதாரண பெற்றோலில் ஓடும் கார்களுக்கான பிரிவு என்பதால் அந்தப் பெயர். போட்டி மிக எளிது. நேரான பாதை, இரண்டு கார், கால் மைல், அதாவது 402 மீற்றர். யார் முதலில் போய்ச் சேர்கிறார் என்பதே கேள்வி. மூக்கை நிமிர்த்தியதற்கும் காரணம் உண்டு. கார் சட்டென்று பாயும்போது பாரம் பின்னோக்கிச் சாய்கிறது. பின் டயர்கள் நிலத்தை இறுக்கிப் பிடிக்கின்றன. முன்பக்கத்தை உயர்த்தினால் அந்தச் சாய்வு கூடும் என்று அன்றைய ஆட்கள் நம்பினார்கள். பின்னர் தாழ்ந்த கார்களே வேகமாக ஓடின. 1960களின் முடிவில் அந்தப் பாணி பந்தயத்திலிருந்து மறைந்தது. இன்று பழைய காரை அந்தக் கோலத்தில் திருத்தி எடுப்பது, அந்தக் காலத்தின் மேலுள்ள ஆசைக்காகத்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலை. அதற்குப் பின் இலங்கையின் கரையோரம் எங்கும் யுத்த விமானத் தளங்கள் பெருகின. புத்தளத்தில் காடு வெட்டி அமைத்த தளத்துக்குப் பிரித்தானியக் கடற்படை வைத்த பெயர் 'ரஜாலியா'. சிங்களத்தில் கழுகு என்று பொருள். களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்தவில் இருந்த தளத்தின் பெயர் 'உகுஸ்ஸா', பருந்து. 1944இல் அமெரிக்காவில் செய்த கோர்செயார் விமானங்கள் புத்தளத்தில் நின்றன. ஒவ்வொன்றுக்கும் 2000 குதிரைவலு எஞ்சின். அந்த விமானங்களைத் தள்ளவும் இழுக்கவும் இங்கே யானைகளைப் பயன்படுத்தினார்கள். அதைக் காட்டும் யுத்த காலப் படங்கள் இன்றும் இலண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2000 குதிரைவலுவை ஒரு யானை இழுத்துப்போன ஊர் நம்முடையது!

யுத்தம் முடிந்ததும் உலகம் முழுக்க இப்படியான ஓடுபாதைகள் வெறுமையாகக் கிடந்தன. கலிபோர்னியாவில் யுத்தத்துக்கு முன்பே இளைஞர்கள் வறண்ட ஏரிப் படுக்கைகளில் கார் ஓட்டிப் பார்த்தவர்கள். யுத்தத்திலிருந்து திரும்பியவர்கள் கையில் கொஞ்சம் காசும், எஞ்சின் வேலை பழகிய அனுபவமும் இருந்தன. அவர்கள் தெருக்களில் ஓட்டத் தொடங்கினார்கள். விபத்துகள் நடந்தன. ஊர் கோபித்தது. 1950இல் சாந்தா ஆனா விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்றில் முறையான பந்தயம் ஆரம்பமானது. 1951இல் வொலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹொட் ரொட் சங்கத்தை நிறுவினார். பையன்களைத் தெருவிலிருந்து எடுத்து, விதியும் பரிசோதனையும் உள்ள இடத்துக்குக் கொண்டுபோவது அதன் முக்கிய நோக்கமாக இருந்தது. 1955இல் அவர்களுடைய முதல் தேசியப் போட்டி நடந்ததும் கன்சாஸ் மாநிலத்தில் பழைய யுத்த விமானத் தளம் ஒன்றில்தான். இங்கிலாந்தின் சாந்தா பொட் டிராக் பாதையும் 1966இல் ஒரு பழைய விமானப்படைத் தளத்தில்தான் திறந்தது.

கார்களுக்குள்ளும் யுத்தம் இருந்தது. முதல் ஜீப்பை 1940இல் செய்து காட்டியது பென்டம் என்ற சிறிய அமெரிக்கக் கம்பனி. அது முன்பு ஒஸ்டின் 7 காரை அனுமதி பெற்றுச் செய்த கம்பனியின் வாரிசு. பிறகு ஜீப்பைப் பெருந்தொகையாகச் செய்தவை வில்லிஸும் போர்டும். டிராக் ரேஸில் அதிகம் தேடப்பட்ட பழைய உடம்புகள் எவை? பென்டம், வில்லிஸ், போர்ட். பாரம் குறைந்த வண்டியை யாரால் செய்ய முடிந்ததோ அவர்களிடம்தான் இராணுவமும் போனது, பந்தயக்காரனும் போனான். பொனட்டுக்கு மேலே நிற்கிற அந்தக் காற்றடிக்கும் பெட்டியும் லொறி, பஸ் டீசல் எஞ்சினிலிருந்து கழற்றி எடுத்ததுதான்.

நம் பக்கத்திலும் ஓடுபாதைகள் சும்மா கிடக்கவில்லை. சென்னைக்கு அருகே சோழவரத்தில் யுத்த கால ஓடுபாதை பல பத்தாண்டுகள் பந்தயத் திடலாக இருந்தது. இலங்கையில் மோட்டார் பந்தயம் இன்னும் பழையது. நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. யுத்தத்துக்குப் பின் கட்டுகுருந்த ஓடுபாதையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. பருந்துக்குப் பந்தயம் கிடைத்தது. நம் கழுகு, பாலாவியில் விமானப்படை முகாமாக நின்றுவிட்டது.

இப்போது பழைய காரைத் திருத்த ஆசைப்படும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஏ40ஐ வெட்டியது அது அங்கே குப்பை என்பதால். இங்கே கதை வேறு. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து கார் இறக்குமதி ஒடுங்கியது. 1977 வரை புதிய கார் பலருக்குக் கனவு. அந்தக் காலம் முழுக்க இந்தக் கார்களை ஓட வைத்தவர்கள் நம் கராஜ் பாஸ்மார். இல்லாத பாகத்தை லேத்தில் கடைந்தார்கள். லொறிப் பாகத்தைக் காருக்கு ஏற்றினார்கள். மொரிஸ் மைனருக்குள் ஜப்பான் எஞ்சினை இறக்கினார்கள். கலிபோர்னியாப் பையன் வேகத்துக்காகச் செய்த அதே வேலையை, நம்மவர்கள் வண்டி நின்றுவிடக் கூடாது என்பதற்காகச் செய்தார்கள். 2020இல் மறுபடி இறக்குமதி நின்றபோதும் அந்தக் கைவேலைதான் கைகொடுத்தது.

ஆகவே காரின் உடம்பை வெட்டுவதற்கு முன் யோசியுங்கள். டயர், இருக்கை, நிறம், எஞ்சின் எல்லாம் மாற்றலாம், திரும்பவும் பழையபடி ஆக்கலாம். வெட்டிய தகடு திரும்பாது. இலக்கத் தகட்டையும் கவனியுங்கள். 1950களின் நடுப்பகுதி வரை பதிந்த கார்களில் சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகள் இரண்டிரண்டாய் இருக்கும்: சி.எல்., ஈ.என்., ஈ.வை. அதன்பின் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. அந்த ஓர் எழுத்துக்கு எதிராக 1957இல் வடக்கு கிழக்கில் போராட்டம் நடந்தது. ஒரு தகட்டில் இந்த நாட்டின் பாதி வரலாறு இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு கலிபோர்னியா எழுத்தை மாட்டுவதில் நமக்கு என்ன பெருமை?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பாலாவிச் சந்தியில் திரும்பினால் கற்பிட்டி வீதி. பெருநாள் மாலைகளில் அந்தப் பக்கம் நம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் எப்படிப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தலைக்கவசம் இல்லை, எதிரே உப்பு லொறி, ஓரத்தில் ஆடு மாடு. திட்டுகிறோம், அடுத்த பெருநாளில் திரும்பவும் அதே காட்சி. எழுபது வருடத்துக்கு முன் கலிபோர்னியாவில் ஊரும் பொலிஸும் சந்தித்த அதே பிரச்சினைதான் இது. தடை மட்டும் போட்டு அவர்கள் அதைத் தீர்க்கவில்லை. இடம் கொடுத்தார்கள், விதி கொடுத்தார்கள், வண்டியைப் பரிசோதித்து உள்ளே விட்டார்கள்.

இடம் மட்டும் போதாது என்பதையும் நாம் கண்டோம். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பார்வையாளர்களுக்குள் பாய்ந்து 7 பேர் மௌத்தானார்கள். அதில் ஒரு சிறு பெண்பிள்ளையும் இருந்தாள். முறையான திடலிலேயே இப்படி என்றால், தடுப்பும் அம்பியுலன்சும் இல்லாத நம் வீதியில் என்ன நடக்கும்?

ஆகவே நகர சபை, பிரதேச சபை, பள்ளி நிர்வாகங்கள், விளையாட்டுக் கழகங்கள் கூடி இதைப் பேச வேண்டும். வருடத்தில் இரண்டு நாளாவது மூடிய ஒரு பாதை, பொலிஸ் மேற்பார்வை, வண்டிப் பரிசோதனை, சனத்துக்குத் தூரத்தில் தடுப்பு. இவற்றை முறைப்படி எழுதிக் கேட்போம். பாலாவி கிடைக்காவிட்டால் வேறு இடம் பார்ப்போம். ஆசையை நாம் உண்டாக்கவில்லை, அது பிள்ளைகளிடம் ஏற்கனவே இருக்கிறது. அதற்கு ஒரு வேலி கட்டுவது பெரியவர்களின் பொறுப்பு.

அதுவரை, வீட்டுக் கொட்டகையில் பழைய கார் நின்றால் அதன் பதிவுப் புத்தகத்தைப் படம் எடுத்து வையுங்கள். யார் வாங்கினார், எந்த பாஸ் திருத்தினார் என்று வாப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.