அனுபவ ஒப்பீடு (அமெரிக்க அதிபர் தேர்தல்)

அனுபவ ஒப்பீடு என்பது அமெரிக்க அதிபர் தேர்தலில் நிற்பவர்கள் வகித்த பதவிகளையும் பணியாற்றிய ஆண்டுகளையும் எதிரெதிரே வைத்து எடைபோடும் பரப்புரை மரபு. சட்டத்தில் இதற்கு இடமில்லை. அரசமைப்பின் இரண்டாம் பிரிவு வேட்பாளரிடம் கேட்பவை மூன்றே: பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், நாட்டில் 14 ஆண்டு வசித்திருக்க வேண்டும். எந்தப் பதவியிலும் ஒரு நாள்கூட உட்காராதவர் அதிபராகலாம். ஆகியும் இருக்கிறார்.

அனுபவம் என்று பேசப்படுவது ஒரே சரக்கு அல்ல. நாடாளுமன்ற அனுபவம், நிர்வாக அனுபவம், அயலுறவு அனுபவம், படை நடத்திய அனுபவம் என்று அதில் பல வகை உண்டு. அண்மைக் காலத்தில் தொழில் நடத்திய அனுபவமும் சேர்ந்துகொண்டது. எந்த வகைக்கு மதிப்பு என்பது காலத்துக்குக் காலம் மாறியது. தொடக்கத்தில் வெளியுறவு அமைச்சர் பதவிதான் அதிபர் மாளிகைக்கு ஏறும் படி. ஜெபர்சன், மேடிசன், மன்ரோ, ஜான் குவின்சி ஆடம்ஸ், வான் பியூரன், புக்கானன் என அறுவர் அந்தப் பதவியை வகித்தவர்கள். புக்கானனுக்குப் பிறகு அந்தப் படி வழியாக ஒருவரும் மேலே வரவில்லை. செனட் உறுப்பினராக இருந்தபடியே அதிபராகத் தேர்வானவர்கள் ஹார்டிங், கென்னடி, ஒபாமா ஆகிய மூவர் மட்டுமே. 1976 முதல் 2004 வரை நடந்த எட்டுத் தேர்தல்களில் ஏழில் வென்றவர்கள் மாநில ஆளுநராக இருந்து வந்தவர்கள். ஆளுநர் என்றதும் நம்மூர் ஆளுநர் மாளிகை நினைவுக்கு வரக்கூடாது. அங்கே அவர் மக்களிடம் வாக்குக் கேட்டு வருபவர். நம் முதலமைச்சருக்கு நிகர்.

இந்த ஒப்பீடு பெரிய அளவில் வெடித்தது 1824இல். போட்டியிட்ட நால்வரும் ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள். ஆகவே கட்சியைச் சொல்லி வாக்குக் கேட்க வழியில்லை. ஆளைச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருந்தது. அனுபவத்தில் ஆடம்ஸை மிஞ்ச ஆளில்லை. இரண்டாம் அதிபரின் மகன். 14 வயதிலேயே தூதருக்குச் செயலாளராக ரஷ்யா போனவர். பிறகு நெதர்லாந்து, பிரஷ்யா, ரஷ்யா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் தூதர், இடையில் செனட் உறுப்பினர், 1814இல் பிரிட்டனுடன் போரை முடித்து வைத்த கென்ட் உடன்படிக்கைக் குழுவின் தலைவர், 1817 முதல் வெளியுறவு அமைச்சர். எதிரே நின்ற ஆண்ட்ரூ ஜாக்சன் 1815இல் நியூ ஆர்லியன்ஸில் பிரிட்டிஷ் படையை முறியடித்த தளபதி. பிரதிநிதிகள் அவை, செனட், டென்னசி நீதிமன்றம் எல்லாம் அவரும் பார்த்தவர்தான். ஆனால் முதல்முறை செனட்டுக்குப் போனபோது ஓராண்டுகூட முழுதாக இருக்காமல் விலகி ஊர் திரும்பிவிட்டார்.

முடிவு இழுபறி. அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் வாக்குகளில் ஜாக்சனுக்கு 99, ஆடம்ஸுக்கு 84, மற்ற இருவரான கிராபோர்டுக்கு 41, கிளேவுக்கு 37. பெரும்பான்மைக்கு 131 தேவை. அது யாருக்கும் கிடைக்காததால் தேர்வு பிரதிநிதிகள் அவைக்குப் போனது. 24 மாநிலங்களில் 13இன் ஆதரவோடு 1825 பிப்ரவரியில் ஆடம்ஸ் அதிபராகத் தேர்வானார். ஆதரவு திரட்டித் தந்த கிளே அவருடைய வெளியுறவு அமைச்சரானார். அந்த நாற்காலி அடுத்த அதிபருக்கான நாற்காலி என்பது ஊரறிந்த விஷயம் என்பதால், பேரம் என்று ஜாக்சன் தரப்பு போட்ட கூச்சல் நான்கு ஆண்டுகள் அடங்கவில்லை. 1828இல் இருவரும் மறுபடி மோதியபோது ஆடம்ஸின் படிப்பும் பதவிகளும் அவருக்கே சுமையாயின. அவர் எழுதத் தெரிந்தவர், எங்கள் ஆள் சண்டை போடத் தெரிந்தவர் என்று ஜாக்சன் தரப்பு பேசியது. 178க்கு 83 என்று ஆடம்ஸ் தோற்றார். நீண்ட பதவிப் பட்டியலைக் குறையாகக் காட்டலாம் என்று கட்சிகள் கற்றுக்கொண்டது இங்கேதான்.

1840 தேர்தல் இதை ஒரு கலையாகவே ஆக்கியது. விக் கட்சியின் வில்லியம் ஹென்றி ஹாரிசன் இந்தியானா பகுதியின் ஆளுநர், பிரதிநிதிகள் அவை உறுப்பினர், செனட் உறுப்பினர், கொலம்பியாவுக்கான தூதர் எனப் பல பதவி பார்த்தவர். விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவரின் மகன். வர்ஜீனியாவில் பெரிய பண்ணை மாளிகையில் பிறந்தவர். ஒரு பீப்பாய் ஆப்பிள் மதுவையும் கொஞ்சம் ஓய்வூதியத்தையும் கொடுத்தால் மரக்குடிசையில் உட்கார்ந்துவிடுவார் என்று எதிர்க்கட்சிப் பத்திரிகை ஒன்று கிண்டல் செய்தது. விக் கட்சியினர் அதையே பிடித்துக்கொண்டு, மரக்குடிசையைச் சின்னமாக்கி ஊர்வலம் விட்டார்கள். பதவிகளை மறைத்துக் குடிசையைக் காட்டியதில் 234க்கு 60 என்ற வெற்றி கிடைத்தது. பதவியேற்ற ஒரு மாதத்தில் அவர் இறந்துபோனதால் எந்த அனுபவமும் சோதனைக்கு வரவில்லை.

1848இல் சக்கரி டெய்லர். சுமார் 40 ஆண்டு படைவாழ்வு. அதுவரை எந்தத் தேர்தலிலும் வாக்குகூடப் போட்டதில்லை. வேட்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி தாங்கிய கடிதம் அஞ்சல் கட்டணம் செலுத்தாமல் வந்ததால் அவர் வாங்க மறுத்துவிட்டார் என்பார்கள். ஆளுநர், போர் அமைச்சர், தூதர், செனட் உறுப்பினர் என நான்கையும் பார்த்த லூயிஸ் காஸை அவர் 163க்கு 127 என்று வென்றார்.

இந்த மரபைப் பற்றிப் பேசுவோர் தவறாமல் எடுத்து வைக்கும் இணை புக்கானனும் லிங்கனும். பிரதிநிதிகள் அவையில் 10 ஆண்டு, செனட்டில் அதே அளவு, ரஷ்யாவில் தூதர், வெளியுறவு அமைச்சர், பிரிட்டனில் தூதர் என்று ஜேம்ஸ் புக்கானன் எல்லாவற்றையும் முடித்துவிட்டு 1856இல் நின்றார். கூர்ந்து பார்த்தால் அவருக்கு வாய்ப்பு வாங்கித் தந்தது பதவிகளில் இருந்தது அல்ல, நாட்டில் இல்லாதது. 1854இல் அடிமைமுறை பற்றிய கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் அவருடைய கட்சியைக் கிழித்தபோது அவர் லண்டனில் இருந்தார். அந்தச் சண்டையின் சேறு அவர் மேல் படவில்லை. 1860 முடிவில் தென்மாநிலங்கள் பிரியத் தொடங்கியபோது, பிரிவது சட்டவிரோதம், ஆனால் தடுக்க நடுவண் அரசுக்கு அதிகாரமில்லை என்றார். லிங்கன் பதவியேற்பதற்குள் ஏழு மாநிலங்கள் போய்விட்டன.

ஆப்ரகாம் லிங்கனின் கணக்கில் இருந்தவை இல்லினாய் சட்டமன்றத்தில் நான்கு முறை, பிரதிநிதிகள் அவையில் 1847 முதல் 1849 வரை இரண்டே ஆண்டு, செனட்டுக்கு முயன்று இரண்டு தோல்வி. சிகாகோ கட்சி மாநாட்டில் நியூயார்க்கின் முன்னாள் ஆளுநரும் செனட் உறுப்பினருமான சூவார்டை மூன்றாம் சுற்றில் முந்தினார். பொதுத்தேர்தலில் பதவியிலிருந்த துணை அதிபரையும் செனட்டின் பெரும்புள்ளி டக்ளஸையும் வென்றார். சி-ஸ்பான் தொலைக்காட்சி வரலாற்றாசிரியர்களைக் கொண்டு 2000, 2009, 2017, 2021 ஆண்டுகளில் எடுத்த மதிப்பீடுகளில் லிங்கன் முதலிடம், புக்கானன் கடைசி இடம். ஆண்டுக் கணக்கை நம்புவோருக்கு இதற்குச் சரியான விடை இன்றுவரை இல்லை.

தொலைக்காட்சி வந்தபின் ஒப்பீடு நேருக்கு நேர் ஆனது. 1960இல் எட்டாண்டு துணை அதிபராக இருந்த நிக்சன் அனுபவத்தையே முழக்கமாக வைத்தார். அதைக் கவிழ்த்தவர் அவருடைய தலைவரே. நிக்சன் தந்த முக்கிய யோசனை எது என்று ஆகஸ்ட் 24 அன்று செய்தியாளர் கேட்டபோது, ஒரு வாரம் கொடுத்தால் ஏதாவது நினைவுக்கு வரலாம் என்றார் அதிபர் ஐசனோவர். செப்டம்பர் 26 அன்று சிகாகோவில் நடந்த முதல் விவாதத்தில் அதே வார்த்தை நிக்சனிடம் கேள்வியாகத் திரும்பி வந்தது. நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில்தான் நாடாளுமன்றத்துக்கு வந்தோம் என்றார் எதிர்த்து நின்ற கென்னடி; அது உண்மையும்கூட. அவர் வென்றது 303க்கு 219 தேர்வாளர் வாக்குகளில்.

1984 விவாதத்தில் 73 வயது ரீகன், எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் பிரச்சினையாக்க மாட்டேன் என்று சொல்ல, எதிரே நின்ற 56 வயது மான்டேலும் சேர்ந்து சிரித்தார்.

2008இல் போட்டி கட்சிக்குள்ளேயே நடந்தது. ஹிலரி கிளிண்டன் 35 ஆண்டு அனுபவம் என்றார். ஒபாமா செனட்டுக்கு வந்து மூன்றே ஆண்டு. நள்ளிரவு கடந்து மூன்று மணிக்கு வெள்ளை மாளிகைத் தொலைபேசி ஒலித்தால் எடுப்பது யார் என்ற ஹிலரியின் விளம்பரம் டெக்சாஸ் வாக்கெடுப்புக்குச் சற்று முன் வெளியானது. ஆனால் அதிபரின் மனைவியாக இருந்த காலம் அனுபவமாகுமா என்ற கேள்வி கூடவே வந்தது. அவருடைய அன்றாட நிகழ்ச்சிக் குறிப்புகள் 11,000 பக்கத்துக்கு மேல் அந்த மார்ச்சில் வெளியாயின. 1996இல் போஸ்னியாவில் துப்பாக்கிச் சூட்டுக்கிடையே இறங்கியதாக அவர் சொன்னதைப் பழைய காணொளி பொய்யாக்கியது. பொதுத்தேர்தலில் ஒபாமாவுக்கு அனுபவம் போதாது என்ற அதே குற்றச்சாட்டை எடுத்த எதிர்க்கட்சி வேட்பாளர் மெக்கெய்ன், ஆளுநராகி இரண்டாண்டுகூட ஆகாத சாரா பேலினைத் துணை அதிபர் வேட்பாளராகச் சேர்த்துத் தம் வாதத்தைத் தாமே முறித்துக்கொண்டார்.

2016இல் அரசுப் பதவியோ படைப்பணியோ பார்க்காத முதல் அதிபராக டொனால்டு டிரம்ப் வந்தார். 2020இல் செனட்டில் 36 ஆண்டு இருந்த பைடன் வென்றார். 2024 நவம்பர் 5 தேர்தலில், சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகளும் அப்போதைய துணை அதிபருமான கமலா ஹாரிஸ் 226 தேர்வாளர் வாக்குகளும், நான்காண்டு அதிபர் அனுபவத்தோடு திரும்பி வந்த டிரம்ப் 312 வாக்குகளும் பெற்றனர்.