புயல்களின் வரலாற்றைத் தேடியவர்

முப்பது, நாற்பது ஆண்டு அளவீடுகளின் சராசரியைக் கண்டுவிட்டால் ஒரு நாட்டின் காலநிலை புலப்பட்டுவிடும். அது என்றும் மாறாதது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வானிலையாளர் பலர் இவ்வாறுதான் எண்ணினர். காலநிலைக்கும் வரலாறு உண்டு என்று வாழ்நாள் முழுவதும் வாதிட்டவர்களுள் முன்னிற்பவர் ஆங்கிலேயரான ஹியூபர்ட் லாம்ப் (1913–1997).

கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் பயிலத் தொடங்கிப் புவியியலுக்கு மாறிய இவர், பிரிட்டிஷ் வானிலைத் துறையில் பணியேற்றார். இரண்டாம் உலகப்போரின்போது நச்சுவாயு தெளிப்பதற்கான வானிலை ஆய்வில் ஈடுபட இவருடைய மனச்சான்று இடந்தரவில்லை. குவேக்கர் நெறியைச் சார்ந்த லாம்ப் அப்பணியை மறுத்து, அயர்லாந்தின் வானிலைப் பணிக்குச் சென்றார். போர் முடிந்தபின் திமிங்கில வேட்டைக் கப்பலொன்றில் அண்டார்டிக் கடல்வரை பயணம் செய்தார். 1950களில் துறையின் பழைய ஆவணங்கள் அவர் கைக்கு எட்டின. அவருடைய உண்மையான வாழ்க்கைப்பணி அங்கேதான் தொடங்கியது எனலாம்.

கருவிகள் தோன்றுவதற்கு முந்தைய புயலை எவ்வாறு அளப்பது? 1588இல் ஸ்பானியப் பெருங்கடற்படை ஸ்காட்லாந்தைச் சுற்றித் திரும்புகையில் புயல்களில் சிக்கி, அயர்லாந்தின் மேற்குக் கரையில் பல கப்பல்களை இழந்தது. இறைவன் தமக்களித்த உதவி என்றே இங்கிலாந்தார் அதனைக் கொண்டாடினர். லாம்பும் அவருடைய துணைவர்களும் கப்பற்குறிப்புகளிலிருந்து அன்றன்றைய காற்றின் திசையைத் திரட்டினர். வானியலாளர் டைக்கோ பிராஹேயின் வென் தீவு ஆய்வகத்தில் எழுதப்பட்ட வானிலை நாட்குறிப்பையும் அவற்றோடு ஒப்பிட்டு, அக்கோடைக்கும் இலையுதிர்காலத்திற்கும் வானிலை வரைபடங்கள் வரைந்தனர். கெய்ரோவின் ரவ்ழா தீவில் 861இல் கட்டப்பட்ட நைல் அளவைத்தூணை அறிந்தவர்களுக்கு, இத்தகைய பதிவுகளின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

வடகடல், பிரிட்டிஷ் தீவுகள், வடமேற்கு ஐரோப்பா ஆகியவற்றின் வரலாற்றுப் புயல்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1991இல் வெளிவந்தது. காற்றின் உச்ச வேகத்தின் மும்மடி, பாதிக்கப்பட்ட பரப்பு, நீடித்த நேரம் ஆகிய மூன்றையும் பெருக்கி அவர் புயல்களைத் தரப்படுத்தினார். இக்கணக்கின்படி வேகம் இருமடங்கானால் கடுமை எட்டு மடங்காகும். குளிர் மிகுந்த நூற்றாண்டுகளில் வடதுருவப் பனி தெற்கே நீண்டதால் வடக்கிற்கும் தெற்கிற்கும் இடையே வெப்ப வேறுபாடு பெருகியது; கடும்புயல்களுக்கு அதுவே காரணம் என்பது அவர் கருத்து.

1972இல் கிழக்கு ஆங்கிலியப் பல்கலைக்கழகத்தில் காலநிலை ஆய்வு மையத்தை நிறுவி, 1978வரை அதனை வழிநடத்தினார். இடைக்காலத்து வெப்பமான நூற்றாண்டுகளைக் காட்டும் அவருடைய வரைபடம், காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுக்குழுவின் 1990ஆம் ஆண்டு அறிக்கையில் இடம்பெற்ற ஒரு கோட்டுப்படத்திற்கு மூலமாயிற்று. அது நடு இங்கிலாந்துக்கு உரியது. அதனை உலகம் முழுமைக்கும் பொருத்திக் காட்டி, இன்றைய வெப்பமேற்றம் புதிதன்று என வாதிடுவோர் லாம்பின் பெயரையும் துணைக்கு அழைப்பதுண்டு. இது அவருக்கு நியாயம் செய்வதாகாது. கரியமிலவாயுவின் விளைவு மிகைப்படுத்தப்படுகிறது என்னும் ஐயம் அவருக்கும் இருந்தது மெய்தான். ஆயினும், அவர் நிறுவிய மையமே பின்னாளில் தொகுத்த வெப்பநிலைத் தொடர், உலகம் வெப்பமடைந்து வருவதற்கான முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாயிற்று.