கையே சாவி

சாத்தூர்ல காராச்சேவு வாங்க இறங்குறோம். சாவி உள்ளே, கார் பூட்டிக்கிச்சு! கையே சாவியா இருந்தா?

1998-ல இங்கிலாந்துப் பேராசிரியர் கெவின் வார்விக் கையில சிப் பதிச்சுக்கிட்டார். அவரைக் கண்டதும் கதவு திறந்தது. ஒன்பது நாள்ல எடுத்துட்டார். 2005-ல அமெரிக்கர் அமல் கிராஃப்ஸ்ட்ரா, அரிசி அளவு சிப்பை வச்சு வீட்டையும் காரையும் திறந்தார்.

அந்தச் சிப்புல பேட்டரி கிடையாது, ஒரு எண் மட்டும்தான். அதைப் படிக்க கார்ல ஒரு ரீடர் வேணும். ரிலே வழியா அதை சென்ட்ரல் லாக்கோட இணைக்கணும். உலோகம் ரேடியோ அலையைத் தடுக்கும். அதனால ஆன்டெனாவைக் கண்ணாடிக்குப் பின்னால வைக்கணும்.

1990-கள்லயே, திருட்டைத் தடுக்க, கார் சாவித் தலைக்குள்ள இதோட உறவுக்காரச் சிப் வந்தாச்சு. ஆனா சாவியை மாத்திடலாம். கையில இருக்கிற, எண் மாறாத சிப்பை ஒருத்தன் நகலெடுத்தா? கையைத்தான் கீறணும்!