இறுதி நூலும் ஏமாற்றமுற்ற வாசகரும்: சூக்கி ஸ்டாக்ஹவுஸ் தொடரின் வரவேற்பு வரலாறு (2001–2013)

முன்னுரை

அமெரிக்க எழுத்தாளர் சார்லெய்ன் ஹாரிஸ் படைத்த சூக்கி ஸ்டாக்ஹவுஸ் புதினத் தொடரின் பதின்மூன்றாவதும் இறுதியுமான நூல் ‘டெட் எவர் ஆஃப்டர்’ 2013 மே மாதத்தில் வெளிவந்தது. விற்பனைக்கு வருமுன்னரே அதன் முடிவு கசிந்துவிட்டது. முன்பதிவை விலக்கிக்கொண்டவர்களும், நூலைப் படிக்காமலேயே கண்டித்தவர்களும், ஆசிரியரையே மிரட்டியவர்களும் இருந்தனர். மிரட்டல் எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. ஆயினும் அச்சினம் முழுவதையும் காதல்கதை படிக்கும் பெண்களின் மிகையுணர்ச்சி என ஒதுக்குவது வரலாற்று நோக்கில் பிழையாகும். வாசகர் எதை எதிர்பார்த்தனர், அவ்வெதிர்பார்ப்பை வளர்த்தது எது என்பதை இக்கட்டுரை தொடரின் அமைப்பிலிருந்தே ஆராய்கிறது.

துப்பறியும் கதையா, காதல் கதையா?

முதல் நூலான ‘டெட் அன்டில் டார்க்’ 2001இல் வெளிவந்தபோது ஹாரிஸ் துப்பறியும் புதின ஆசிரியராகவே அறியப்பட்டிருந்தார். அரோரா டீகார்டன், லில்லி பார்ட் ஆகியோரை நாயகியராகக் கொண்ட தொடர்களை அவர் முன்னரே எழுதியிருந்தார். புதிய நூலும் துப்பறியும் புதினங்களுக்குரிய ஆன்தனி விருதையே பெற்றது. ‘தென்னக இரத்தக் காட்டேரி மர்மங்கள்’ என்னும் பொருள்படும் தொடர்ப்பெயரும் அவ்வகைமையையே சுட்டுகின்றது.

கதையின் உள்ளியக்கமோ வேறு. லூசியானா மாநிலச் சிற்றூர் ஒன்றின் மதுக்கூடத்தில் பரிமாறும் சூக்கிக்குப் பிறர் எண்ணங்கள் இடையறாது கேட்கின்றன. எந்த ஆடவனோடும் அமைதியாக ஓர் இரவு உணவுகூட அவளால் உண்ண இயலாது. இரத்தக் காட்டேரிகளின் மனம் மட்டும் அவளுக்கு ஓசையற்றது. ஆகவே பில் காம்ப்டன் மீது அவள் கொள்ளும் காதல் வெறும் கவர்ச்சியன்று. பிறந்தது முதல் கிட்டாத ஓய்வு அது. இந்த ஒரு கற்பனையே தொடரின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பின்னர் எழுந்த சிக்கலுக்கும் அதுவே வித்து. காட்டேரியிடம் மட்டுமே அமைதி கிட்டும் எனத் தொடங்கும் கதை காட்டேரி ஒருவனிடமே முடியும் என வாசகர் கருதியதில் வியப்பில்லை.

ஒவ்வொரு நூலிலும் கொலை முடிச்சு அவிழ்ந்தது. துப்பறியும் கதை வாசகருக்குரிய கணக்கு அவ்வப்போதே தீர்ந்தது. காதல் முடிச்சோ அடுத்த நூலுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. நான்காம் நூலில் (2004) நினைவிழந்த எரிக் நார்த்மன் சூக்கியின் வீட்டில் அடைக்கலம் பெறுகிறான். ஆறாம் நூலில் (2006) பில் அவளை நெருங்கியது தன் அரசியின் ஏவலால் என்பது வெளிப்படுகின்றது. எரிக்கை விரும்பிய வாசகரின் நம்பிக்கை இவ்விரு நூல்களுக்கிடையே வேரூன்றியது. 2008இல் தொடங்கிய ‘ட்ரூ பிளட்’ தொலைக்காட்சித் தொடர் அதனை மேலும் பெருக்கியது. பன்னிரண்டாண்டு நிலுவை முழுவதும் இறுதி நூலின் மேல் விழுந்தது.

இறுதி நூல்

இறுதியில் சூக்கி மதுக்கூட உரிமையாளனும் உருமாறும் ஆற்றலுடையவனுமான சாம் மெர்லோட்டுடன் இணைகிறாள். இம்முடிவு திடீரென ஒட்டவைக்கப்பட்டது எனும் குற்றச்சாட்டை நூல்கள் மெய்ப்பிக்கவில்லை. வெயிலில் கிடப்பதில் சூக்கிக்குள்ள விருப்பம் தொடக்கத்திலிருந்தே பேசப்படுகின்றது. ஒரே ஒரு வேண்டுதலை நிறைவேற்றும் மாயப்பொருளைப் பன்னிரண்டாம் நூலில் (2012) அவள் எரிக்குக்காகப் பயன்படுத்தவில்லை. மாண்ட சாமை உயிர்ப்பிக்கவே பயன்படுத்துகிறாள். அந்நூலை ஊன்றிப் படித்தவருக்கு முடிவு மறைபொருளன்று.

வாசகர் முறையீட்டில் நியாயம் வேறிடத்தில் உள்ளது. எரிக் விலகுவதற்கு முதற்காரணம் சூக்கியின் தெரிவன்று. அவனைக் காட்டேரியாக்கியவன் ஒக்லஹோமா அரசி ஃப்ரேடாவுடன் செய்துவைத்த மணவொப்பந்தமே அவனை அகற்றுகின்றது. ‘அவள் யாரைத் தெரிவாள்?’ என்னும் வினாவை இத்தனை ஆண்டுகள் நீட்டித்த தொடர், ஒருவனை ஒப்பந்தத்தால் அகற்றிவிட்டபின் அவ்வினாவைத் தடையின்றி எழுப்பவே இல்லை. சாமைப் பெற்றதைவிட, சூக்கி தன் விருப்பால் எரிக்கை மறுக்கும் தருணத்தை இழந்ததே பெருங்குறை.

மகிழ்ச்சியான முடிவு கிட்டினால் வாசகர் அடங்கிவிடுவர் என்பதும் பொருந்தாது. ஸ்டெஃபெனி மேயரின் ‘பிரேக்கிங் டான்’ (2008) நாயகிக்கு அவள் விரும்பிய காதலனையும் சாவின்மையையும் குழந்தையையும் ஒருங்கே அளித்தது. அந்நூலையும் கடைகளில் திருப்பிக் கொடுக்குமாறு ஒருசார் வாசகர் அறைகூவினர். எதையும் இழக்காத நாயகி அவர்களுக்கு உவப்பாகவில்லை.

இத்தகைய முறையீடு புதியதுமன்று. 1747–48இல் சாமுவேல் ரிச்சர்ட்சனின் ‘கிளாரிசா’ பகுதி பகுதியாக வெளிவந்தபோது, சீமாட்டி பிராட்ஷா புனைபெயரில் ஆசிரியருக்குக் கடிதம் எழுதி, நாயகியைச் சாகவிட வேண்டா என மன்றாடினார். ரிச்சர்ட்சன் இணங்கவில்லை. எனினும் அவ்வம்மையார் மன்றாடியபோது இறுதிப் பகுதி வெளிவந்திருக்கவில்லை. ஹாரிஸின் வாசகர் முடிவை அறிந்தபோதோ நூல் அச்சாகி முடிந்திருந்தது. மன்றாடுவதற்கு இடமே இல்லை.

2013 அக்டோபரில் ‘ஆஃப்டர் டெட்’ என்னும் துணைநூல் வெளிவந்தது. கதைமாந்தர் பின்னாளில் என்ன ஆயினர் என்பதை அது அகரவரிசையில், பெரும்பாலும் சிலவரிக் குறிப்புகளாகத் தருகின்றது. எரிக்கின் பெயரும் சூக்கியின் பெயரும் அதில் தத்தம் எழுத்தின்கீழ்த் தனித்தனியே நிற்கின்றன.